நூற்றுக்கு மூன்று

அல்மாட்டியில் நடந்த ஆசியப் போட்டியின் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் ரெக்சலின் முதலாவதாக வந்தது எல்லாருக்கும் தெரியும். அதே ஓட்டத்தில் அவள் ஐந்தாவதாக வந்திருந்தாள் என்பது அடுத்த ஆண்டுதான் தெரியவந்தது.

தெரிவித்தது உடற்பங்கு ஆணையம். செய்தி வந்தபோது ரெக்சலின் தூத்துக்குடியில், துறைமுக அலுவலகத்தில் தன் மேசையில் இருந்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை அது. பக்கத்து மேசைக்காரர் தன் கைபேசியில் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார், பிறகு அவசரமாகக் குனிந்துகொண்டார். அவர் எதற்காகக் குனிந்தார் என்பது அவளுக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. மறுநாள் வரவேற்பறையில் மாட்டியிருந்த அவள் படத்தைக் காணோம். படச்சட்டத்தைச் சரிசெய்ய அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பார்க்கச் சங்கடமாக இருந்தது, எடுத்துவிட்டார்கள்.

அந்த வருடங்களில் ஓட்டக்காரர்களின் காலில் வெறும் ரப்பர் இருந்த காலம் போய்விட்டிருந்தது. ஷூவின் அடிப்பகுதிக்குள் நாரும் கம்பியும் நுண்கணினியும் குடியேறிவிட்டன. தோற்றவர்கள் எல்லாரும் ஜெயித்தவர்களின் கால்களைப் பார்க்காமல் ஷூவைப் பார்த்தார்கள். வழக்குகள் குவிந்தன. அப்போது உலக அளவில் அமைக்கப்பட்டதுதான் ஆணையம். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடலின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு என்று பிரித்து, உடலின் பங்கை மட்டும் கணக்கில் வைப்பது அதன் வேலை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை ஷூக்களை இத்தனை கால்களில் மாட்டிச் சோதித்துப் பார்க்க ஆணையத்திடம் ஆளும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆகவே சுலபமான ஒரு வழியைப் பிடித்தது. ஒரு ஷூ எவ்வளவு உதவும் என்று அதைத் தயாரித்த நிறுவனம் எதை அறிவித்திருக்கிறதோ, அதையே கருவியின் பங்காக எடுத்துக்கொள்வது. விற்பவர்கள் தங்கள் சரக்கைப் பற்றிப் பெருமையாகச் சொன்னது அப்படியே சட்டமாகிவிட்டது.

ரெக்சலின் போட்டிருந்தது ‘வேகா’ என்ற நிறுவனத்தின் ஷூ. கணுக்காலில் ஒட்டும் ஒரு பட்டை தசையின் துடிப்பை உணருமாம். உணர்ந்த நொடியில் அடிப்பாகத்தில் இருக்கும் செயற்கைத் தசைநார் சுருங்கி, காலோடு சேர்ந்து தரையைத் தள்ளுமாம். ‘உங்கள் ஓட்டத்தில் நூற்றுக்கு மூன்று எங்களுடையது’ என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆணையம் அந்த மூன்றைக் கழித்தது. நேரத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் கூடியது. சாதாரண ஷூவோடு ஓடிய நான்கு பெண்கள் அவளுக்கு முன்னால் போனார்கள். தங்கம் கசகஸ்தான் பெண்ணுக்குப் போனது. ஷூக்களுக்குள் கணினி புகுந்த நாளிலிருந்து நடந்த எல்லா ஓட்டங்களுக்கும் விதி பொருந்தும் என்று சொல்லியிருந்ததால், மேல்முறையீட்டுக்கும் பெரிய இடமில்லை.

ஒரு வாரம் அவள் யாரிடமும் பேசவில்லை. பிறகு பையில் அந்த ஷூக்களைப் போட்டுக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினாள். உமையாளைப் பார்க்க.

உமையாளும் ரெக்சலினும் திருநெல்வேலி விளையாட்டு விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். தேவகோட்டைப் பெண்ணான உமையாள் அப்போது ரெக்சலினைவிட வேகமாக ஓடினாள். முழங்கால் போன பிறகு படிப்புப் பக்கம் திரும்பி, இப்போது சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியின் உடலசைவு ஆய்வகத்தை நடத்திக்கொண்டிருந்தாள். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவள். வேகா ரெக்சலினுடன் ஒப்பந்தம் போட வந்தபோதே அந்த நாரில் ஒன்றுமில்லை என்று சொன்னவள். ஆனால் ரெக்சலினுக்கு அப்போது வெளிநாட்டில் பயிற்சி எடுக்க வேறு வழி இல்லை. கையெழுத்துப் போட்டாள். விளம்பரத்திலும் நடித்தாள்.

ஆய்வகத்தில் ஷூக்களை மேசைமேல் வைத்துவிட்டு, இதைச் சோதித்துச் சொல் என்றாள்.

உமையாள் அதைத் தொடாமல் கேட்டாள். “வேலை செய்யுதுன்னு வந்துட்டா என்னடி பண்ணுவ?”

“தெரிஞ்சுக்கிடுவேன். அஞ்சாவதுதான் வந்தேன்னு இருந்துட்டுப் போறேன். இப்ப எது என் காலு, எது அவிய நாருன்னு தெரியாம ஓட முடியல உமை. காலையில எந்திரிச்சு ஓடப் போனா, ஒவ்வொரு எட்டையும் பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கேன்.”

சோதனை மூன்று வாரம் நடந்தது. உமையாள் மூன்று ஜோடி தயார் செய்தாள். ஒன்று வேகாவேதான். இரண்டாவது அதே ஷூ, ஆனால் உள்ளே நார் துண்டிக்கப்பட்டது. மூன்றாவது சாதாரண ஷூ, மேலே அதே நிற உறை. எந்த நாளில் எதை மாட்டுகிறார்கள் என்று ரெக்சலினுக்குத் தெரியாது, மாட்டிவிடும் மாணவிக்கும் தெரியாது. முகத்தில் மூச்சை அளக்கும் கவசம், இடுப்பிலும் முழங்காலிலும் ஒட்டுப்பட்டைகள். ஓடுபாதை இயந்திரத்தின்மேல் அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். தினமும் இறங்கியதும், இன்றைக்கு மாட்டியது வேகாதானா என்று உமையாள் கேட்பாள். ரெக்சலின் உறுதியாகப் பதில் சொல்வாள். பெரும்பாலும் தப்பாகத்தான் சொன்னாள்.

கடைசி நாள் மாலை உமையாள் அவளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, மெதுவாக ஓடவிட்ட ஒரு படத்தைக் காட்டினாள். ரெக்சலினின் குதிகால், அதன் கீழே ஷூவின் அடிப்பாகம். நார் சுருங்கும்போது திரையில் அது சிவப்பாகும்.

“பாரு. பட்டை உன் தசையைக் கேட்குது. கேட்டதைக் கணினிக்குச் சொல்லுது. கணினி நாருக்குச் சொல்லுது. அந்தச் சேதி போய்ச் சேர்றதுக்குள்ள உன் கால் தரையை விட்டுக் கிளம்பிடுது. இப்பப் பாரு, சிவப்பாகுதா? கால் எங்க இருக்கு?”

கால் அந்தரத்தில் இருந்தது.

“காத்துலதான்டி தள்ளுது. தரையை ஒரு தடவைகூடத் தள்ளலை.”

ரெக்சலின் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னாள். பிறகு கேட்டாள். “அப்ப அல்மாட்டில ஓடினது?”

“முழுக்க நீதான்.”

ரெக்சலின் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். விடுதியில் சேர்ந்த காலத்திலிருந்து அவள் அழுது உமையாள் பார்த்ததில்லை. அது சந்தோஷத்தில் வந்த அழுகை. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற உமையாளுக்குச் சோதனையில் தெரியவந்த இன்னொரு விஷயமும் வாய்வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. அறிக்கையின் முடிவில் அதை எழுதிவைத்தாள். அவளிடம் நேரில் சொல்ல அது நேரமில்லை என்று நினைத்தாள்.

அறிக்கையோடு இருவரும் டெல்லியில் ஆணையத்தின் கிளைக்குப் போனார்கள். விசாரணை ஒரு காலைக்குள் முடிந்துவிட்டது. மூன்று பேர் கொண்ட குழு. தலைமை வகித்த முதியவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆய்வகத்தின் உழைப்பைப் பாராட்டினார். ஆனால் விதிப்படி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறுவனத்தின் அறிவிப்பைத்தான், மூன்றாம் ஆளின் சோதனையை அல்ல என்றார். அறிவிப்பு தவறென்றால் நிறுவனமே அதைத் திரும்பப் பெறலாம், அன்றைக்கே அவளுடைய நேரமும் திரும்பிவிடும் என்றார்.

பிறகு குழுவின் இன்னொரு உறுப்பினர் ஒரு காணொளியை ஓட்டினார். வேகா விளம்பரம். அதில் ரெக்சலின் வியர்த்த முகத்தோடு நின்று, கடைசிச் சுற்றுகளில் பின்னங்காலில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதுபோல இருந்தது என்று சொல்கிறாள். இது நீங்கள் சொன்னதுதானே என்று அவர் கேட்டார்.

அவள் சொன்னதுதான். யாரும் எழுதிக் கொடுத்துச் சொன்னதில்லை. அப்படித்தான் இருந்தது. அதையும் அவர்களிடம் ஒப்புக்கொண்டாள்.

அடுத்ததாக ரெக்சலின் தனியாகவே வேகாவின் சென்னை அலுவலகத்துக்குப் போனாள். அவளோடு ஒப்பந்தம் போட்ட ஹரிகிருஷ்ணன் அங்கே இப்போது பெரிய பொறுப்பில் இருந்தார். கீழே வந்து அழைத்துப் போனார், காபி வரவழைத்தார். அறிக்கையை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். மறுக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது.

தொடக்கத்தில் தாங்களே அதை நம்பியதாகச் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் ஒரு இயந்திரக் காலில் அந்த நார் நன்றாகத்தான் வேலை செய்ததாம். இயந்திரக் கால் மெதுவாக ஓடும். மனிதர்கள் காலில் மாட்டியபோது சந்தேகம் வந்தது. அதற்குள் பெட்டி அச்சாகிவிட்டது.

“அப்ப அந்த மூணைத் திரும்ப வாங்கிக்கிடுங்க சார்,” என்றாள் ரெக்சலின். “நீங்க ஒரு வரி எழுதினாப் போதும்னு சொல்லுதாங்க.”

ஹரிகிருஷ்ணன் கோப்பையைத் தட்டில் வைத்தார். “மேடம், உங்ககிட்ட மறைக்கலை. ஆணையம் உங்க நேரத்துல கழிச்சாங்க இல்லையா, அந்த மாசம்தான் எங்களுக்கு இதுவரைக்கும் இல்லாத விற்பனை. ஆணையமே கழிக்குதுன்னா நிஜமாவே வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்னு ஜனங்க வாங்கறாங்க. எத்தனை விளம்பரம் போட்டாலும் அந்த நம்பிக்கையை எங்களால வாங்கியிருக்க முடியாது. இப்பப் போய் அது பொய்யின்னு எழுதச் சொன்னா, மேல இருக்கறவங்க என்னைத்தான் வெளிய அனுப்புவாங்க.”

அவர் சொன்னது உண்மை. கடற்கரைச் சாலையில் நடக்கிறவர்கள் காலிலெல்லாம் வேகாதான் இருந்தது. நடந்து முடித்ததும் கைபேசியில் ஒரு வட்டம் தோன்றும். அதில் ‘உங்கள் பங்கு’ பச்சையாகவும் ‘எங்கள் பங்கு’ சிவப்பாகவும் இருக்கும். அந்தச் சிவப்புக் கீற்றைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்களுக்கென்று சிறிய அளவில் ஒன்று வந்திருந்தது. தூத்துக்குடியில் ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவில், முதலாவதாக ஓடி வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு, அவள் ஷூவின் பங்கைக் கழித்து, மூன்றாம் பரிசைக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா கோபப்படவில்லையாம். வாங்கின பொருள் நல்ல பொருள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம்.

ஹரிகிருஷ்ணன் அவளை வாசல் வரை வந்து வழியனுப்பினார். தன் மகளும் ஓடுகிறாள் என்றும், அவளுக்குச் சாதாரண ஷூதான் வாங்கிக் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். சொன்னதும், சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டதோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இனி ஓடிக் காட்டுவதுதான் வழி என்று ரெக்சலின் முடிவு செய்தாள். மே மாதம் சென்னையில் மாநிலங்களுக்கு இடையிலான போட்டி. அதில் வெறும் ரப்பர் ஷூவோடு, எந்தப் பங்கும் கழிக்க முடியாத ஷூவோடு, அல்மாட்டியில் ஓடிய அதே நேரத்தில் ஓடுவேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டாள்.

உமையாளுக்கு அது பிடிக்கவில்லை. தொலைபேசியில் நெடுநேரம் வாதாடினாள். அல்மாட்டியில் குளிர், இங்கே மே மாத வெக்கை. அப்போதைய வயது இல்லை, கடந்த ஒரு வருடம் ஒழுங்காகப் பயிற்சியும் இல்லை. ஒரே ஒரு ஓட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அதற்காகத்தான் மூன்று வாரம் ஓடவைத்தேன் என்றாள். நீ தோற்றால் அது வெக்கையால் தோற்றதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னாள்.

“நீதான ஒண்ணுமில்லன்னு சொன்ன,” என்றாள் ரெக்சலின். “ஒண்ணுமில்லாதது இல்லாம ஓடுததுக்கு என்ன பயம்?”



போட்டியன்று மாலை அரங்கம் வழக்கத்தைவிட நிறைந்திருந்தது. ரெக்சலினின் கணவன் கிளாட்வின் மருத்துவமனையில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அரசு மருத்துவமனையில் செவிலியர் வேலை அவனுக்கு. அவனும் உமையாளும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். பாதி தூரம் வரை எல்லாம் சரியாகவே போனது. அவள் முன்னால் இரண்டாவதாக, தோளைத் தளர்த்தி, வாயை லேசாகத் திறந்து ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் நேரம் கணக்குப்படிதான் இருந்தது. உமையாள் மெல்ல மூச்சுவிட ஆரம்பித்தாள்.

கடைசிச் சில சுற்றுகள் இருக்கும்போது ரெக்சலின் வேகம் எடுத்தாள். அல்மாட்டியிலும் அங்கேதான் எடுத்தாள். ஒரு வளைவு முழுக்கப் போனாள். அடுத்த நேர்பாதையில் அவள் தலை ஒருமுறை கீழே குனிந்தது. தன் கால்களைப் பார்த்தாள். ஓட்டக்காரர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. பின்னால் வந்த பெண் தாண்டினாள், அவளுக்குப் பின்னால் வந்தவளும் தாண்டினாள். ரெக்சலின் நின்றுவிடவில்லை. கடைசிவரை ஓடி, நான்காவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் ஓரமாகப் போய்ப் புல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

உமையாள் தண்ணீரோடு ஓடிப்போனாள். வெக்கையைப் பற்றி ஏதோ சொன்னாள். ரெக்சலின் அதைக் கேட்கவில்லை.

“அந்த இடத்துல எனக்கு ஏதோ தள்ளும்டி. இன்னைக்குத் தள்ளல.”

“அது உன் கால்தான் ரெக்சி. அன்னைக்கும் உன் கால்தான் தள்ளுச்சு.”

“இருக்கலாம். ஆனா அப்ப எனக்குத் தெரியாதுல்லா. ஷூ தள்ளுதுன்னு நெனச்சேன். நெனச்சதால வலியை அதுக்கிட்ட விட்டுட்டு ஓடினேன். இன்னைக்கு விட இடமில்ல.” கொஞ்ச நேரம் ஷூ நாடாவை அவிழ்க்க முயன்றாள். முடிச்சு அவிழவில்லை. “நீ சொல்லாம இருந்திருந்தா இன்னைக்கும் தள்ளியிருக்கும்.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் உமையாள் பதில் பேசியிருப்பாள். கிளாட்வின் வந்து குனிந்து நாடாவை அவிழ்த்துவிட்டான். மூவரும் வெளியே போனார்கள்.

அடுத்த மாதம் வேகாவின் புதிய விளம்பரம் வந்தது. பெயர் எதுவும் இல்லை. இரண்டு ஜோடிக் கால்கள் ஓடுவதை முழங்காலுக்குக் கீழே மட்டும் காட்டினார்கள். ‘அதே கால்கள். வேறு ஷூ’ என்று எழுத்து வந்தது. யாருடைய கால்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டில் தொலைக்காட்சியில் அது வரும்போதெல்லாம் கிளாட்வின் சத்தமில்லாமல் சானலை மாற்றுவான். அவன் மாற்றுவதை ரெக்சலின் கவனிக்காதவள்போல இருப்பாள்.

அதன் பிறகு அவள் ஓடவில்லை. மணப்பாட்டில் அம்மா வீட்டுக்குப் போனால்கூட, காலையில் கடற்கரை ஈர மணலில் ஓட இறங்க மாட்டாள். உமையாள் பலமுறை அழைத்தாள். முதலில் சுருக்கமாகப் பதில் சொன்ன ரெக்சலின், பிறகு எடுப்பதையே விட்டுவிட்டாள். சண்டை என்று எதுவும் இல்லை. அந்தக் குரலைக் கேட்டால் அந்தத் திரையில் சிவப்பான நார் நினைவுக்கு வந்துவிடுகிறது என்று கிளாட்வினிடம் ஒருமுறை சொன்னாளாம்.

வருடங்கள் போயின. வேகாவைக் கவிழ்த்தது ஓட்டக்காரர்கள் யாரும் இல்லை. கடல் தாண்டி ஒரு நாட்டில், தங்கள் பிள்ளைகளின் பள்ளிப் பரிசுகள் கழிக்கப்பட்டதை எதிர்த்துப் பெற்றோர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். தாங்கள் வாங்கிக் கொடுத்த ஷூ எதற்கும் உதவவில்லை என்பதை நிரூபித்தால் பிள்ளைகளுக்குப் பரிசு திரும்பக் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. நீதிமன்றத்தில் நெருக்கியபோது வேகாவின் வழக்கறிஞர், நூற்றுக்கு மூன்று என்பது ஒரு அளவு அல்ல, நிறுவனத்தின் விருப்பத்தைத் தெரிவிக்கும் வாசகம் மட்டுமே என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே உலகமெங்கும் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. சில மாதங்களில் நிறுவனம் வேறு பெயரில் தலையணை விற்கத் தொடங்கியது.

ஆணையத்துக்கு இப்போது ஒரு சிக்கல். வேகா போட்டு ஓடிய அனைவரின் நேரத்தையும் திருத்த வேண்டும். நிறுவனத்தின் எண் போய்விட்டது. அந்த இடத்தில் வைக்க வேறொரு எண் வேண்டும். தேடியபோது, உலகத்திலேயே அந்த ஷூவை ஒழுங்காகச் சோதித்தது சென்னை ஆய்வகத்தின் அந்தப் பழைய அறிக்கை ஒன்றுதான் என்று தெரிந்தது. முதல் தடவையாக யாரோ அதைக் கடைசி வரை படித்தார்கள்.

ஆணையம் முடிவை அறிவிக்கும் முன் உமையாளுக்குத் தகவல் சொன்னது. அவள் அன்றைக்கே கிளம்பித் தூத்துக்குடிக்கு வந்தாள். இடைவேளை நேரத்தில் துறைமுக அலுவலக வாசலில் போய் நின்றாள். ரெக்சலின் வெளியே வந்து பார்த்தாள். இரண்டு பேருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ரெக்சலின், வா என்று அவள் கையைப் பிடித்து அலுவலக உணவகத்துக்குக் கூட்டிப்போனாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்தவளிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதுவே உமையாளை அதிகம் வருத்தியது.

தங்கம் திரும்ப வருகிறது என்று உமையாள் முதலில் சொன்னாள். ரெக்சலின் தேநீரைக் குடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, அந்தக் கசகஸ்தான் பிள்ளைக்கு இப்போது என்ன வயதிருக்கும் என்றாள். இத்தனை வருடம் வைத்திருந்ததை அவளிடமிருந்து வாங்குவார்களா என்றாள். வாங்குவார்கள் என்றாள் உமையாள்.

“இன்னொண்ணு இருக்கு. அன்னைக்கே உங்கிட்டச் சொல்லாம விட்டது.” உமையாள் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “அந்த ஷூ உனக்கு உதவலைன்னு மட்டும்தான் சொன்னேன். உண்மையில அது உன்னைப் பிடிச்சு இழுத்திருக்கு. எடை கூட. அதோட, கால் காத்துல இருக்கறப்ப நார் சுருங்கி முன்பாதத்தைக் கீழ இழுக்குது. ஒவ்வொரு எட்டுக்கும் அதை எதிர்த்துக் காலைத் தூக்கியிருக்க. சாதா ஷூ போட்டிருந்தா அல்மாட்டில நீ இன்னும் வேகமா ஓடியிருப்ப.”

ரெக்சலின் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

“எவ்வளவு வேகமா?”

“நூற்றுக்கு ஒண்ணு. ஆணையம் இப்ப அந்த அளவுக்கு உன் நேரத்தைக் குறைக்குது. உடற்பங்கு நேரம்னு வர்றது தேசிய சாதனை ரெக்சி. இதுவரைக்கும் நம்ம பொண்ணுங்க யாரும் ஓடாத நேரம்.”

“நானும் ஓடலையே.”

உமையாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் ஓடினதுன்னு ஒரு நேரம் இருக்குல்லா. கடிகாரத்துல விழுந்தது. அது போதும்னு சொல்லிடு. மொதல்ல அதுல கூட்டினாங்க, இப்ப அதுல குறைக்காங்க. அது அப்படியே இருக்கட்டும்னு சொல்லு.”

உமையாள் அங்கே உட்கார்ந்தபடியே ஆணையத்துக்குப் பேசினாள். மறுமுனையில் இருந்த இளம் அதிகாரி அனுதாபத்தோடு கேட்டார். உடலின் பங்கு, கருவியின் பங்கு இரண்டுதான் இப்போது பதிவில் உண்டு, கடிகாரத்தின் நேரத்தை வைத்துக்கொள்ளும் வழக்கம் விதி வந்ததும் நின்றுவிட்டது என்றார். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. தன் சார்பில் வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

உமையாள் அதை அப்படியே சொன்னாள். ரெக்சலின் தலையாட்டினாள். பிறகு அவள் கேட்டது உமையாள் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

“அன்னைக்கு ஏன் சொல்லல?”

“நீ அவ்வளவு சந்தோஷமா அழுத. முழுக்க நீதான்னு சொன்ன உடனே இதையும் சொன்னா, போனதை நெனச்சு அழுவன்னு தோணுச்சு.”

“நல்லவேளை சொல்லல,” என்றாள் ரெக்சலின். எழுந்து இருவரின் கோப்பைகளையும் கழுவும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். இருவரும் வாசல் வரை சேர்ந்து நடந்தார்கள். உமையாளின் முழங்கால் வலிக்கிறதென்று அவள் நடையிலேயே தெரிந்துகொண்டு, ரெக்சலின் மெதுவாக நடந்தாள்.

பாராட்டு விழாவைத் துறைமுக அலுவலகமே நடத்தியது. மேடையின் பின்னால் பெரிய திரையில் அந்தப் புதிய நேரம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அல்மாட்டி ஓட்டத்தின் காணொளியையும் போட்டார்கள். ஓரத்தில் ஓடிய கடிகாரத்தை மட்டும், குழப்பம் வேண்டாமென்று, மறைத்திருந்தார்கள். அதிகாரிகள் பேசினார்கள், சால்வை போர்த்தினார்கள். கிளாட்வின் முதல் வரிசையில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உமையாள் கொஞ்சம் பின்னால் இருந்தாள்.

முடிவில் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு சின்னப் பெண், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும், திரையில் இருந்த எண்ணைக் காட்டிக் கேட்டாள். “மேடம், அந்த நேரத்துல கோட்டைத் தாண்டினீங்களே, அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சு?”

ரெக்சலின் திரும்பி அந்த எண்ணைப் பார்த்தாள். உண்மையாகவே நினைத்துப் பார்த்தாள். அது அவள் முகத்தில் தெரிந்தது.

“அந்த நேரத்துல நான் இன்னும் கோட்டுக்கு வரலம்மா,” என்றாள். “கடைசி வளைவுல திரும்பிக்கிட்டு இருந்தேன். ஓடிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவள் தன்னடக்கத்தோடு பேசுகிறாள் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள்.